எஸ்.எஸ். காலனி மாடி வகுப்பு: உளவியல் முதுகலைக்குப் போகிறவர்களுக்காக

மதுரையில் வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் நீட்டுக்கும் தெருவுக்குத் தெரு பயிற்சி மையம் இருக்கிறது. பி.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு நல்ல பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர வேண்டும், யாரிடம் போவது என்று கேட்டால் பேராசிரியர்களே கொஞ்சம் யோசிக்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்காகவே ஒரு வகுப்பு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. எஸ்.எஸ். காலனியில் ஒரு வீட்டு மாடியில், ஞாயிறுதோறும் காலை ஒன்பதரை முதல் ஒரு மணி வரை. நடத்துபவர் கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை. வாசலில் பலகை கிடையாது. தன் பெயரும் முகவரியும் பொதுவில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே ‘மேடம்’ என்றே எழுதுகிறேன். மதுரைக் கல்லூரிகளில் உளவியல் படிக்கும் சீனியர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

மூன்றாமாண்டு முழுவதும் உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு பஸ் ஏறி வந்து அந்த மாடி வகுப்பில் படித்தேன். இப்போது புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. பயன்பாட்டு உளவியல் படிக்கிறேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் பணத்தையும் ஓராண்டையும் எங்கே செலவிடுவது என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக நிறையும் குறையும் இரண்டையும் எழுதுகிறேன்.

இந்த வகுப்பின் மிகப் பெரிய பலம் முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிடும். அன்று பாடம் நடத்த மாட்டார். வெள்ளைப் பலகையில் ஒரு கோடு போட்டு, பி.எஸ்சி. முடித்தவர் எந்தப் படிப்பு வழியாக எந்த வேலைக்குப் போகலாம், எதற்குப் போகவே முடியாது என்று எழுதுவார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ ஆகப் போவதாகச் சொன்னோம். மேடம் கேட்டார்: “எம்.எஸ்சி. முடித்த மறுநாள் அந்தப் பெயரைப் பலகையில் போட்டுக்கொள்ளலாமா?” போடலாம் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். போட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் என்னும் ஆர்.சி.ஐ., 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற அதன் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்பதை இந்தத் தகுதியை வைத்தே வரையறுக்கிறது. வெறும் முதுகலைப் பட்டம் அதற்குப் போதாது.

இத்தனை காலமும் அந்தப் படிப்பு இரண்டாண்டு எம்.ஃபில். ஆக இருந்தது. பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் கடும் போட்டி. முதுகலையில் 55 சதவீதம் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். பிறகு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தும் முடிவு வந்தது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை அது செல்லும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024 ஜனவரியில் அறிவித்தது. அதன் இடத்தை நிரப்ப மருத்துவ உளவியலிலேயே புதிய முதுகலைப் படிப்பையும் சை.டி. என்ற முனைவர் நிலைப் படிப்பையும் ஆர்.சி.ஐ. கொண்டுவந்திருக்கிறது. இந்த மாற்றங்கள் நடக்கும் காலத்தில் படிக்கும் நாங்கள் எங்கே கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும். “ஒரு கல்லூரி ‘கிளினிக்கல்’ என்ற சொல்லைப் படிப்பின் பெயரில் வைத்திருந்தால் மயங்காதீர்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன்னால் அங்கே பாருங்கள்” என்றார். மூன்று ஆண்டு கல்லூரியில் இதை யாரும் இவ்வளவு தெளிவாக எங்களுக்குச் சொன்னதில்லை. சில வாரச் சான்றிதழ் படிப்புக்குப் பெரும் தொகை கட்டிவிட்டு, ‘ஆலோசகர்’ என்ற அட்டையோடு வேலை தேடி அலையும் அக்காக்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த ஒரு ஞாயிறு கிடைத்திருக்க வேண்டும்.

அந்த முதல் வகுப்புக்குப் பின் இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் பள்ளி ஆலோசகர் ஆவதுதான் தன் விருப்பம் என்று புரிந்துகொண்டு அதற்கேற்ற படிப்பைத் தேடிப் போனார். இன்னொருவர் பி.எட். சேர்ந்தார். மேடம் அதற்காக வருத்தப்படவில்லை, கட்டியிருந்த பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி பாடம். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் பொது வாசல் சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு. உளவியல் தாளில் 75 கேள்விகள், 90 நிமிடங்கள், 300 மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழியும். கணினியில் எழுத வேண்டும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழில் வராது. இதை நான் ஒரு குறையாக மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழில் படித்த பிள்ளைக்கு, தெரிந்த விஷயமே தெரியாததாகத் தோன்றும் இடம் அது. ‘எதிர்மறை வலுவூட்டல்’ (தொல்லை தரும் ஒன்றை நீக்கி ஒரு நடத்தையைக் கூட்டுவது) என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். தண்டனைக்கும் அதற்கும் வேறுபாடு சொல்லத் தெரியும். அதையே ஆங்கிலத்தில் நான்கு வரிச் சூழலாகக் கொடுத்து எது பொருந்தும் என்று கேட்டால், வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும்.

மேடம் இதற்குச் செய்வது எளிமையானது, ஆனால் உழைப்பு மிகுந்தது. கருத்தை முழுவதும் தமிழில் விளக்குவார். கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் பலகையில் எழுதுவார். பிறகு அதே கருத்தின் மீது ஆங்கிலத்தில் மூன்று கேள்விகளை வாசிக்கச் சொல்லி, எந்தச் சொல்லில் விடை ஒளிந்திருக்கிறது என்று கோடிடச் சொல்வார். டிசம்பருக்குள் எனக்கு வாசிப்பு வேகம் வந்துவிட்டது. ஆங்கிலம் தனியாகக் கற்பித்து வந்த வேகம் அல்ல அது. பாடத்தின் வழியாகவே வந்தது.

எடுத்துக்காட்டுகளை எல்லாம் நம் ஊரிலிருந்தே எடுப்பார். உளவியலாளர் ஸ்கின்னரின் வலுவூட்டல் அட்டவணைகள், அதாவது ஒரு நடத்தைக்குப் பலன் எப்போது, எத்தனை முறைக்கு ஒருமுறை கிடைக்கிறது என்ற முறைகள், எல்லா ஆண்டும் கேட்கப்படும் பகுதி என்பதால் அதை நிதானமாக நடத்தினார். முழக் கணக்கில் கூலி வாங்கிப் பூக்கட்டும் அம்மா, இத்தனை முழத்துக்கு இவ்வளவு என்று தெரிந்து வேலை செய்கிறார்: நிலையான விகிதம். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் கடைப் பணியாளர்: நிலையான இடைவெளி. ஆரப்பாளையத்தில் பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் அடிக்கடி சாலையை எட்டிப் பார்ப்பவர்: மாறும் இடைவெளி. வீடு வீடாக ஊதுபத்தி விற்கும் பையனுக்கு எந்த வீட்டில் வாங்குவார்கள் என்று தெரியாது, ஆனால் தட்டத் தட்டத்தான் விற்கும்: மாறும் விகிதம். இந்த நான்கில் எது நடத்தையை மிக வேகமாகவும் விடாப்பிடியாகவும் வைத்திருக்கும் என்று கேட்டுவிட்டு, ஊதுபத்திப் பையன் ஏன் அடுத்த கதவையும் தட்டுகிறான் என்று எங்களையே யோசிக்க வைத்தார். தேர்வில் இந்தப் பகுதியில் கேள்வி வந்தபோது எனக்கு அட்டவணை நினைவுக்கு வரவில்லை. பையன் நினைவுக்கு வந்தான். விடை சரியாக இருந்தது.

புள்ளியியல்தான் உளவியல் மாணவர்களைப் பயமுறுத்தும் பகுதி. கணக்கு வேண்டாம் என்று உளவியலுக்கு வந்தவர்கள் அதிகம். திட்ட விலக்கத்தை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் மல்லிகை விலையை வைத்து விளக்கினார். இரண்டு வாரங்களுக்கும் சராசரி விலை ஒன்றே. ஒரு வாரம் விலை நாளுக்கு நாள் பெரிதாக மாறவில்லை. மறு வாரம் முகூர்த்த நாளில் ஏறி அடுத்த நாளே விழுந்துவிட்டது. சராசரி மட்டும் தெரிந்த வியாபாரிக்கு இந்த இரண்டு வாரங்களும் ஒன்றுதான், விலகல் தெரிந்தவருக்குத்தான் எந்த வாரம் ஆபத்து என்று தெரியும். அதன் பிறகுதான் சூத்திரம் எழுதினார். மணி வடிவ இயல்நிலைப் பரவலில் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68 சதவீதம், இரண்டுக்குள் 95 சதவீதம் என்பதைப் பிறகு நுண்ணறிவு ஈவோடு (ஐ.க்யூ.) சேர்த்துப் பார்த்தோம். சராசரி 100, விலக்கம் 15 என்றால் 130க்கு மேல் எத்தனை சதவீதம் பேர் என்ற கேள்விக்குப் பேனாவே தேவைப்படவில்லை.

நிகழ்தகவை அவர் கற்பித்த முறையை நான் மறக்கவே மாட்டேன். எங்கள் தேர்வின் மதிப்பெண் முறையையே பாடமாக்கினார். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் என்ன கிடைக்கும்? கால் பங்கு வாய்ப்பில் நான்கு மதிப்பெண், முக்கால் பங்கு வாய்ப்பில் ஒன்று கழியும். கூட்டிக் கழித்தால் சராசரியாகக் கால் மதிப்பெண் மிஞ்சும். தவறான விடை ஒன்றை நிச்சயமாக நீக்க முடிந்தால் சராசரியாக மிஞ்சுவது ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டை நீக்கினால் ஒன்றரை. ஆகவே இரண்டு விடைகளுக்கு இடையில் தவிக்கும் கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு வருவது நட்டம். ‘மைனஸ் இருக்கிறது, தெரியாததைத் தொடாதே’ என்ற அறிவுரையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதிது. எதிர்பார்ப்பு மதிப்பு என்ற கருத்தும் அன்றோடு புரிந்துவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் முதல் இருபது நிமிடம் வெள்ளைத்தாள். முந்தைய வாரப் பாடத்தில் நினைவிருப்பதை எல்லாம், குறிப்பேட்டைத் திறக்காமல் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. ஆரம்பத்தில் எங்களில் சிலருக்கு எரிச்சல். அந்த நேரத்தில் இன்னொரு பாடம் நடத்தலாமே என்று முணுமுணுத்தார்கள். நான்காவது வாரம் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வை எடுத்து வந்தார். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வாசித்தபின் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். வெள்ளைத்தாள் எதற்கு என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை. உளவியலைப் படிக்கிறவர்கள் உளவியல் சொல்வதைப் போலவே படிக்க வேண்டும் என்பதில் அவர் மிகவும் பிடிவாதமானவர். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது.

ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. என் தோழியும் நானும் சேர்ந்து ஓர் இணையப் பயிற்சி நிறுவனத்தில் பதினெட்டாயிரம் ரூபாய் கட்டியிருந்தோம். பதிவு செய்த காணொளிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பாதி இந்தியில். சந்தேகம் கேட்டால் மூன்று நாள் கழித்து ‘வீடியோ 47ஐப் பார்க்கவும்’ என்று பதில் வரும். அதிகாரிக்கு மக்கள் எவ்வளவு கீழ்ப்படிவார்கள் என்று பார்க்க, இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைத்துச் செய்த மில்கிராம் சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள் என்ற எண்ணை அங்கேயும் சொன்னார்கள். அந்தச் சோதனை ஏன் அறநெறி விவாதமாயிற்று, இன்று அதை அப்படியே செய்ய ஏன் எந்தக் குழுவும் அனுமதிக்காது என்பதைச் சொல்லவில்லை. மேடத்தின் வகுப்பில் அந்த ஒரு சோதனை ஒரு மணி நேரம் ஓடியது. இருந்தாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: மாதிரித் தேர்வுகளில் இணைய நிறுவனம் மேலே. கணினித் திரையில், கடிகாரம் ஓட ஓட எழுதும் பழக்கத்தை அதுதான் தந்தது. மாடி வகுப்பில் மாதிரித் தேர்வு எல்லாம் தாளில்தான். கணினித் தேர்வுக்குத் தாளில் பழகுவது பொருந்தவில்லை என்று பலமுறை சொல்லியும் மேடம் மாற்றவில்லை. தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் இலவச மாதிரித் தேர்வுகள் கிடைக்கின்றன. சேர்கிறவர்கள் ஜனவரியிலிருந்து அதில் பழகிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் எழுதும் பகுதிக்கு வருகிறேன். சி.யு.இ.டி. மதிப்பெண் மட்டுமே பார்க்கும் இடங்களுக்கு இது தேவைப்படாது. எஸ்.ஓ.பி. என்று எல்லோரும் சொல்லும் நோக்கக் கடிதமும் நேர்முகமும் கேட்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும், வெளிநாடு போகிறவர்களுக்கும் இதுதான் உயிர். ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி என்ற இருவர் அமெரிக்காவில் உளவியல் முதுநிலைச் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம், நல்ல மாணவரின் விண்ணப்பத்தைக்கூடக் கெடுத்துவிடுவது எது என்று கேட்டு 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விடைகள் ஐந்து வகையில் அடங்கின: தன்னைப் பற்றிய தகாத வெளிப்பாடு, தீங்கு செய்யும் பரிந்துரைக் கடிதம், சேரப் போகும் துறையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எழுதுவது, மோசமான எழுத்து, கவர நினைத்துத் தவறிப்போகும் முயற்சி. மேடம் இந்தக் கட்டுரையைப் படியெடுத்துக் கொடுத்து, எங்கள் கடிதங்களை அதன் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

எங்களில் பெரும்பாலோர் ‘பிறருக்கு உதவ வேண்டும் என்ற ஆர்வத்தால்’ என்று தொடங்கியிருந்தோம். “உதவ நினைக்கிறவர் செவிலியராகலாம், தீயணைப்புப் படையில் சேரலாம். நீ எந்தக் கேள்விக்கு விடை தேடி இந்தப் பாடத்துக்கு வந்தாய்?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார். என்னிடம் ஒரு பதில் இருந்தது. என் அத்தை பிரசவத்துக்குப் பிறகு யாரோடும் பேசாமல், குழந்தையைத் தொடாமல் இருந்தார். வீட்டில் கோடாங்கியை அழைத்து உடுக்கை அடித்தார்கள். கிராமச் செவிலியர் வந்து பார்த்துவிட்டு மதுரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. இதைச் சொன்னதும் மேடம் முதலில் கேட்டது: “இதை எழுத அத்தையிடம் சம்மதம் வாங்கினாயா? தொழில் இரகசியம் காப்பது பட்டம் வாங்கிய பிறகு தொடங்குவதில்லை, பாப்பா.” அத்தை முழு மனதோடு சம்மதித்தார். இங்கே எழுதுவதற்கும் அவர் சம்மதம் உண்டு.

பிறகு அந்தக் கதையை மூன்று வரியாகக் குறைக்கச் சொன்னார். மீதி இடத்தில், அதிலிருந்து எனக்கு என்ன கேள்வி பிறந்தது, அந்தக் கேள்விக்காக நான் என்ன படித்தேன், என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். என் இளங்கலைத் திட்டப்பணி பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றியது. 1987இல் காக்ஸ் குழுவினர் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தை அதில் பயன்படுத்தியிருந்தேன். அளவுகோல் தருவது நோய் முடிவு அல்ல, மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டியவர் யார் என்ற குறிப்பு மட்டுமே. அந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதச் சொன்னார். நேர்முகம் வைத்த ஒரு பல்கலைக்கழகத்தில் என்னிடம் பத்து நிமிடம் பேசினார்கள், எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் அவர் சொன்னது பயன்பட்டது. நன்றாகத் தெரிந்த உதவிப் பேராசிரியர் எழுதும் கடிதம், முகமே தெரியாத துறைத்தலைவர் எழுதுவதைவிட நல்லது. கேட்பதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் போக வேண்டும். மதிப்பெண் பட்டியல், திட்டப்பணிச் சுருக்கம், சேரவிருக்கும் படிப்பின் விவரம் மூன்றையும் ஒரு கோப்பில் வைத்துக் கொடுக்க வேண்டும். “உறுதியான கடிதம் எழுத முடியுமா, சார்?” என்று வாய்விட்டுக் கேட்கலாம். தயங்கினால் வேறு ஒருவரை நாடலாம். வெளிநாட்டு விண்ணப்பம் என்றால் பெரும்பாலும் மூன்று கடிதம் வேண்டியிருக்கும்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு இந்த வகுப்பு போதாது. வெளிநாட்டு முதுநிலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்கு இங்கே பயிற்சி கிடையாது. அமெரிக்காவில் இளங்கலையிலிருந்தே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், அங்கே பல பல்கலைக்கழகங்கள் நான்கு ஆண்டுப் படிப்பை எதிர்பார்க்கின்றன. ஆய்வு அனுபவமும் கேட்கின்றன. இவற்றுக்கு வேறு வழி தேடுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் மேடம் தாயைப் போலத் துரத்துவார். தமிழ்நாட்டில் நம் கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்ல என்று காட்டும் தனிச் சான்றிதழ் வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் ‘எங்களுக்குக் கிடைக்காது’ என்று விட்டுவிட்ட ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். நம் மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை, அதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகம் வழியாகச் சான்றிதழ் வர நாளாகும். நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வாங்கியதையே பல இடங்களில் கேட்கிறார்கள். தேர்வு மார்ச் வாக்கில் முடிந்துவிடும் என்பதால், ஏப்ரல் பிறந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யச் சொன்னார். கலந்தாய்வு நேரத்தில் இதற்காக ஓடியவர்களைப் பார்த்தபோதுதான் அவர் துரத்தியதன் அருமை புரிந்தது.

குறைகளை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் மிக நிதானம், முடிவில் மிக அவசரம். கற்றலுக்கும் நினைவுக்கும் இத்தனை ஞாயிறுகள் போனதால், பிறழ்நிலை உளவியலும் உளவியல் சோதனைகளும் ஜனவரி, பிப்ரவரியில் அடித்துப் பிடித்து முடிந்தன. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5இன் திருத்தப் பதிப்பு 2022இல் வந்துவிட்டது, அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 நடைமுறைக்கு வந்துவிட்டது. அவர் கொடுத்த குறிப்புகளில் சில பழைய வகைப்பாட்டிலேயே இருந்தன. கேட்டால் உடனே திருத்திக்கொள்வார், ஆனால் கேட்க வேண்டும். இந்தியாவில் உளவியலின் வரலாறு ஒரே நாளில் முடிந்தது. 1916இல் கல்கத்தாவில் தொடங்கிய முதல் துறை, 1922இல் கிரீந்திரசேகர் போஸ் அமைத்த உளப்பகுப்பாய்வுச் சங்கம் என்று நான்கைந்து செய்திகள்தான். இந்த மண்ணில் இந்தப் பாடம் எப்படி வேர்விட்டது என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

வகுப்பைத் தவறவிட்டால் ஈடு கிடையாது. ஒலிப்பதிவு செய்ய அனுமதி இல்லை. ஊர்த் திருவிழா, வீட்டு விசேஷம் என்று ஒரு ஞாயிறு போனால் தோழியின் குறிப்பேடுதான் கதி. ஜூன் மாதத்தில் மாடிச் சூடு தாங்காது, மின்விசிறி இரண்டுதான். படிக்கட்டு குறுகலானது, நடக்கச் சிரமப்படுபவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழ்த்தள வராந்தாவில் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். என் ஆண்டில் அப்படி யாரும் வரவில்லை.

ஞாயிறு மட்டும் போதாது, வாரம் முழுவதும் உட்கார்ந்து படிக்க இடம் வேண்டும். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைச் சொல்வேன். கல்லூரி இல்லாத நாட்களில் எங்கள் குழு அங்கேதான் கூடும். ஒருவர் ஒரு பகுதியை எடுத்து மற்றவர்களுக்கு விளக்குவோம். எரிக்சன் சொன்ன மனித வளர்ச்சியின் எட்டு நிலைகளை நான் மனப்பாடம் செய்யவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தோழிகளுக்கு விளக்கி விளக்கியே வந்துவிட்டது.

கட்டணம் மாதம் 1,500 ரூபாய். ஜூன் முதல் பிப்ரவரி வரை. முடியாதவர்கள் தனியாகப் போய்ச் சொன்னால் குறைத்துக்கொள்வார், அது மற்ற மாணவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வகுப்புக்குப் பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஆகவே மே கடைசி வாரத்துக்குள் போய்ப் பேசிவிடுங்கள். தொலைபேசியில் சேர்க்க மாட்டார். நேரில் வர வேண்டும், முடிந்தால் பெற்றோர் ஒருவரோடு. அந்தப் பேச்சில் அவர் பெற்றோரிடம்தான் அதிகம் கேட்பார்: பிள்ளை இரண்டாண்டு வெளியூரில் தங்கிப் படிக்கச் சம்மதமா, கல்யாணப் பேச்சை அதுவரை தள்ளிவைக்க முடியுமா என்று. என் அப்பாவிடமும் கேட்டார். அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டு, அடுத்த வாரம் தானே போய் முதல் மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

இரண்டாமாண்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு வேலை சொல்லி அனுப்புவார்: இளங்கலைத் திட்டப்பணிக்கு இப்போதே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள், அதைப் பற்றி வந்த ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அடுத்த ஆண்டு வாருங்கள் என்று. மூன்றாமாண்டு தொடங்கிய பிறகு தலைப்புத் தேடுகிறவர்களைவிட இவர்கள் எல்லா விண்ணப்பத்திலும் முன்னால் நிற்கிறார்கள். என் ஆண்டில் சேர்ந்தவர்களில் அப்படி வந்த மூன்று பேரும் அவர்கள் கேட்ட இடத்திலேயே படிக்கிறார்கள்.